ராக்கெட் புறப்படும் நாளில் வானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2025 நவம்பர் 2 அன்று மாலை 5.26 மணிக்கு, 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு எல்விஎம்3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் மோந்தா புயல் ஆந்திரக் கரையைக் கடந்திருந்தது. ஆயத்தப் பணிகளின்போது வானிலை ஒத்துழைக்கவில்லை என்பதை இஸ்ரோ தலைவர் வி. நாராயணனும் குறிப்பிட்டார். அந்த நாள்களில் வானத்தையும் செய்தியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஏவுதலையும் வானிலையையும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில் பழவேற்காட்டுக் கரையில் என் மகனுடன் நின்றிருந்தேன். மழையில் ராக்கெட் போகாது, திரும்பிவிடலாம் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, குறித்த நேரத்தில் அது எழுந்துவிட்டது. மழையில் ஏவலாம் என்றால், மழையே இல்லாத நாளில் மேகத்தைக் காரணம் காட்டி அமெரிக்காவில் ஏன் ஒத்திவைக்கிறார்கள்?
– ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: உங்கள் மகன் அந்த மாலையை மறக்கமாட்டான். திரும்பிவிடாமல் நின்றீர்களே, அதுவே நல்லதாயிற்று.

மழைத்தண்ணீர் மட்டும் என்றால் ராக்கெட்டுக்குப் பெரிய ஆபத்து இல்லை. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டை எடுத்துக்கொண்டால், அதன் முதல் கட்டத்தில் உள்ள திட எரிபொருள் உறுதியான எஃகு உறைக்குள் இருக்கிறது. செயற்கைக்கோள் உச்சியில் உள்ள வெப்பக் கவசத்துக்குள் பத்திரமாக மூடப்பட்டிருக்கிறது. எனவே தூறலோ மிதமான மழையோ ஏவுதலை நிறுத்திவிடுவதில்லை. ஏவுதளத்தில் இருப்பவர்கள் உண்மையில் அஞ்சுவது, மழையைத் தரும் மேகத்துக்குள் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தைத்தான். உயரமாக வளர்ந்த மேகத்தின் மேற்பகுதி உறைநிலைக்கும் கீழான குளிரில் இருக்கும். அங்கே பனித்துகள்களும் அந்தக் குளிரிலும் உறையாத நீர்த்துளிகளும் ஒன்றோடொன்று மோதி உரசும்போது, மேகத்தின் ஒரு பகுதியில் நேர்மின்னூட்டமும் இன்னொரு பகுதியில் எதிர்மின்னூட்டமும் திரள்கின்றன. அந்த மேகம் தானாக மின்னும் அளவுக்கு முதிராமல் இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு ராக்கெட் நுழைந்தால் நிலைமை மாறிவிடுகிறது. உலோகத்தாலான நீண்ட உடலும், அதன் பின்னால் பல நூறு மீட்டர் நீளத்துக்குத் தொடரும், மின்சாரத்தைக் கடத்தக்கூடிய சூடான புகையும் சேர்ந்து, மேகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு கம்பியை நீட்டியதுபோல் ஆகிவிடும். அதுவரை இல்லாத மின்னலை ராக்கெட்டே வரவழைத்துக்கொள்கிறது.

1969 நவம்பர் 14 அன்று புளோரிடாவிலிருந்து நிலவுக்குப் புறப்பட்ட அப்பல்லோ 12 இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. வானம் மூடியிருந்தது, மழையும் பெய்தது, ஆனால் ஏவுதளப் பகுதியில் மின்னல் எதுவும் காணப்படவில்லை என்பதால் அனுமதி கிடைத்தது. புறப்பட்ட 36ஆவது நொடியில் ஒரு மின்னல், 52ஆவது நொடியில் இன்னொரு மின்னல். விண்கலத்தின் எரிபொருள் மின்கலங்கள் இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன, எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன, தரைக்கு வந்த தகவல்கள் பொருளற்ற எண்களாகக் குழம்பின. கட்டுப்பாட்டு மையத்தில் இருந்த இளம் பொறியாளர் ஜான் ஏரன், அதே குழப்பத்தை முன்பு ஒரு சோதனையின்போது பார்த்திருந்தார். அதிகம் யாருக்கும் தெரியாத ஒரு சுவிட்சை மாற்றச் சொன்னார். விண்கலத்துக்குள் இருந்த ஆலன் பீனுக்கு அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. தகவல்கள் மீண்டும் சீராயின. சாட்டர்ன் 5 ராக்கெட்டை இயக்கிய கணினி தனியாக இருந்து பாதிப்பில்லாமல் தப்பியதால், மூவரும் நிலவுக்குப் போய் நலமாகத் திரும்பினார்கள்.

அடுத்த முறை அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 1987 மார்ச் 26 அன்று, மழை மேகங்களுக்குள் ஏவப்பட்ட அட்லஸ்-சென்டார் ராக்கெட் ஒரு நிமிடம்கூடப் பறப்பதற்கு முன்பே மின்னலுக்கு ஆளானது. மின்னல் அதன் உடலை உடைக்கவில்லை. வழிகாட்டும் கணினியின் நினைவகத்தில் இருந்த ஓர் எண்ணை மாற்றிவிட்டது. அந்தத் தவறான எண்ணை நம்பிக் கணினி திடீரென்று திரும்பச் சொன்னது. அந்தத் திருப்பத்தைத் தாங்காமல் ராக்கெட் சிதறியது, அமெரிக்கக் கடற்படைக்கான செயற்கைக்கோளும் அதோடு போயிற்று. இன்று நீங்கள் கேட்கும் கடுமையான மேக விதிகள் பெரும்பாலும் அந்த விபத்துக்குப் பிறகு திருத்தி எழுதப்பட்டவை. ஏவுதளத்தைச் சுற்றிச் சுமார் 18 கிலோமீட்டருக்குள் மின்னல் அடித்தால் அதற்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இடிமேகத்தின் உச்சி பட்டடைபோலத் தட்டையாகப் படர்ந்து பல கிலோமீட்டர் தள்ளி வந்து நிற்கும். அதன் கீழே நிற்பவர் தலையில் ஒரு சொட்டு மழையும் விழாது, ஆனால் அதற்குள்ளும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். மழையில்லாத நாளில் ஏன் ஒத்திவைக்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இதுவே நேரான விடை.

மின்னல் பட்டால் எல்லா ராக்கெட்டும் விழுந்துவிடும் என்று கொள்ள வேண்டியதில்லை. 2019 மே மாதம் ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து சென்ற சோயுஸ் மின்னலை வாங்கிக்கொண்டும் தன் செயற்கைக்கோளைச் சரியான பாதையில் சேர்த்தது. ஆயினும் அதை நம்பி யாரும் ஏவுவதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்தைச் சுற்றி நிற்கும் உயரமான இடிதாங்கிக் கோபுரங்கள் தரையில் நிற்கும் ராக்கெட்டை மட்டுமே காக்கும். அவற்றின் உயரத்தைத் தாண்டியதும் அது தனியாகத்தான் போக வேண்டும்.

கேள்வி: வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் நாளில் "மேல்மட்டக் காற்று சரியில்லை" என்று சொல்லித் தள்ளிவைத்ததாகச் சில முறை படித்தேன். தரையில் இலைகூட அசையாதபோது மேலே என்ன காற்று?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நீங்கள் தஞ்சாவூரில் ஆடி மாதத்தில் அண்ணாந்து பார்க்கும் அதே நீல வானத்தின் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒரு காற்றாறு ஓடிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் திபெத்திய மேட்டு நிலமும் வட இந்தியாவும் சூடேறுவதால், அதற்குத் தெற்கே உயர் வளிமண்டலத்தில் இது உருவாகிறது. வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்பது இதன் பெயர். இதைப் பற்றி 1958இல் விரிவாக எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். இந்தக் காற்றின் மையப்பகுதி ஏறத்தாழச் சென்னை இருக்கும் அகலக்கோட்டை ஒட்டிச் செல்கிறது என்பது நம் ஏவுதளத்துக்கு முக்கியமான செய்தி, ஏனென்றால் ஸ்ரீஹரிகோட்டா அதற்குச் சற்றே வடக்கில் இருக்கிறது.

ராக்கெட் இந்த உயரத்தைக் கடக்கும் நேரம்தான் அதன் பயணத்திலேயே கடினமான நேரம். வேகம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் காற்று இன்னும் முற்றிலும் மெலிந்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்து உடலின்மேல் தரும் அழுத்தம் ஏவிய பிறகு சுமார் ஒரு நிமிடத்தில் உச்சத்தை எட்டுகிறது. சீரான காற்றைவிடத் திடீரென்று மாறும் காற்று மோசமானது. ஓர் உயரத்தில் மேற்கிலிருந்து வீசிய காற்று, இரண்டு கிலோமீட்டர் மேலே போனதும் கிழக்கிலிருந்து பலமாக வீசினால், பிஎஸ்எல்வியின் நாற்பத்து நான்கு மீட்டர் நீளமுள்ள மெல்லிய உடல் அந்த இடத்தில் வளைக்கப்படுகிறது. எடையைக் குறைப்பதற்காக ராக்கெட்டின் சுவர்கள் எவ்வளவு மெலிதாக இருக்க முடியுமோ அவ்வளவு மெலிதாகச் செய்யப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டில் வரும் பெரும் சுமையைத் தாங்குவதற்காக அவை கட்டப்படவில்லை.

ஆகவே ஏவுதலுக்கு முந்தைய நாளிலிருந்தே கருவி கட்டிய பலூன்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கவிடுகிறார்கள். ஒவ்வொரு பலூனும் மேலேறிக்கொண்டே காற்றின் வேகத்தையும் திசையையும் கீழே சொல்லும். அந்த அளவுகளைக் கொண்டு, எந்த நொடியில் ராக்கெட் எவ்வளவு சாய வேண்டும் என்ற கணக்கை அன்றைய காற்றுக்கு ஏற்றபடி திருத்தி, அதன் கணினியில் ஏற்றுகிறார்கள். ஆற்றின் குறுக்கே தோணி செலுத்துபவர் நீரோட்டத்தைப் பார்த்து முகப்பைச் சற்றே திருப்பிக்கொள்வதுபோலத்தான் இதுவும். சந்திரயான்-2 2019 ஜூலை 22 அன்றும், சந்திரயான்-3 2023 ஜூலை 14 அன்றும் புறப்பட்டன. இரண்டுமே இந்தக் கீழைக் காற்று வலுவாக இருக்கும் பருவம்தான். கடைசிப் பலூன் கொண்டுவந்த அளவு, முன்பு ஏற்றிய கணக்கிலிருந்து மிகவும் விலகிப்போனால் மட்டுமே, கீழே இலை அசையாத நாளிலும் "பொறுங்கள்" என்ற சொல் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத காரணத்துக்காக ஒரு கூட்டமே காத்திருப்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய செயலாகத் தோன்றுகிறது.

கேள்வி: வடகிழக்குப் பருவமழை எப்போது வரும் என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருக்க அக்டோபரிலும் நவம்பரிலும் ஏன் முக்கியமான ராக்கெட்டுகளை ஏவ வேண்டும்? பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வைத்துக்கொள்ளக் கூடாதா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பல நேரங்களில் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இருப்பதில்லை. செவ்வாய்க்குக் குறைந்த எரிபொருளில் செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. 2013இல் மங்கள்யானுக்குக் கிடைத்த வாய்ப்பு நவம்பர் 19 வரையில் மட்டும். அதைத் தவறவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பருவமழைக்காகக் கோள்கள் நின்று கொடுப்பதில்லை.

மங்கள்யானின் கதையில் இன்னொரு வியப்பும் உண்டு. முதலில் அது அக்டோபர் 28 அன்று புறப்படுவதாக இருந்தது. அதைத் தள்ளிப்போட வைத்தது ஸ்ரீஹரிகோட்டாவின் மழை அல்ல, பசிபிக் பெருங்கடலின் வானிலை! பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டம் எரியத் தொடங்க வேண்டிய இடம் தென் பசிபிக்கின் மேலே இருந்தது; அந்த நிமிடங்களில் ராக்கெட் அனுப்பும் தகவல்களைப் பெறுவதற்கு அங்கே நிலம் இல்லை. எனவே நாளந்தா, யமுனா என்ற இரண்டு கப்பல்களில் ஆன்டெனாக்களை ஏற்றி அனுப்பினார்கள். மோசமான கடலால் நாளந்தா கப்பல் ஃபிஜி அருகே சென்று சேரத் தாமதமாயிற்று, ஏவும் நாள் நவம்பர் 5க்கு மாறியது. அன்று பிற்பகல் 2.38 மணிக்கு அது புறப்பட்டபோது, உலகின் இரு மூலைகளில் இருந்த வானமும் ஒத்துழைத்திருந்தது. இந்த நிகழ்ச்சியை நான் பள்ளி மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம், வரைபடத்தில் ஸ்ரீஹரிகோட்டாவையும் ஃபிஜியையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது வழக்கம்.

நம் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 புறப்பட்டதும் மழைக்காலத்தில்தான். 2008 அக்டோபர் 22க்கு முந்தைய நாள்களில் அந்தப் பகுதியில் இடியும் மழையுமாக இருந்தது. எல்லாரும் வானத்தைப் பார்த்தபடியே பணியை முடித்தார்கள். காலை 6.22 மணிக்கு அது புறப்படும் நேரத்துக்கு மழை வழிவிட்டது.

எல்லா ஏவுதலுக்கும் இப்படி நெருக்கடி இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில நாள் தள்ளினாலும் இழப்பில்லாத பயணங்களைத் தயங்காமல் தள்ளிவைக்கிறார்கள். இந்தியாவின் முதல் தனியார் ராக்கெட்டான விக்ரம்-எஸ் 2022 நவம்பர் 15 அன்று பறப்பதாக இருந்து, வானிலையால் நவம்பர் 18க்கு மாற்றப்பட்டு, அன்று காலை 11.30 மணிக்கு வெற்றிகரமாகப் பறந்தது.

இடத்தை மாற்றினால் என்ன என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். ராக்கெட் கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் பூமி சுழலும் வேகம் துணைக்கு வருகிறது. கழன்று விழும் கட்டங்கள் கடலில் விழுவதால் மக்களுக்குத் தீங்கில்லை. இவ்விரண்டுக்காகவும்தான் கிழக்குக் கரையில் பழவேற்காடு (புலிக்காட்) ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் உள்ள அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9 அன்று முதல் சிறு ராக்கெட் அங்கிருந்து பறந்தது. நமக்குப் பாதுகாப்பான பாதையைக் கொடுக்கும் அதே வங்கக் கடல்தான் தாழ்வு மண்டலங்களையும் அனுப்புகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் அங்கே தெளிந்த நாள்கள் நிறையக் கிடைப்பதால், அந்த இரண்டு மாதத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஏவுதலுக்கு முன்பு விஞ்ஞானிகள் திருப்பதிக்கும் சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்கும் செல்வதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். வானிலைக்காக வேண்டிக்கொள்வது அறிவியலுக்குப் பொருந்துமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டிக்கொண்டவர்கள் பலூன் விடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றால் பொருந்தாது. அவர்கள் அப்படிச் செய்வதில்லை. பத்து ஆண்டு உழைப்பு, ஆயிரக்கணக்கானவர்களின் கைவேலை, எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்த பின்னும், தங்கள் கையில் இல்லாத ஒன்று மிச்சம் இருப்பதை அவர்கள் அறிவார்கள். கோயிலுக்குப் போகிறவர் போகட்டும், போகாதவர் கட்டுப்பாட்டு அறையின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இருவருக்கும் வயிற்றைப் பிசையும் கவலை ஒன்றுதான். ஏவலாமா வேண்டாமா என்ற முடிவை மட்டும் அளந்த எண்களைக் கொண்டே எடுக்க வேண்டும், அப்படித்தான் எடுக்கிறார்கள்.

கேள்வி: மழை, மின்னல், காற்று தவிர, குளிர்கூட ராக்கெட்டைப் பாதிக்குமா?
– பிளஸ் டூ மாணவர், உதகமண்டலம்

பதில்: பாதித்திருக்கிறது தம்பி, மிகக் கொடுமையாக. 1986 ஜனவரி 28 அன்று புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். இரவில் உறைநிலைக்கும் கீழே போய், ஏவுதள மேடையிலேயே பனிக்கட்டிகள் தொங்கின. காலை 11.38 மணிக்குச் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டபோதும் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருந்தது. திட எரிபொருள் ராக்கெட்டின் பகுதிகள் இணையும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய், இடைவெளியை உடனே அடைக்கத் தவறியது. அந்த வழியே கசிந்த நெருப்பால் 73ஆவது நொடியில் விண்ணோடம் சிதறி ஏழு பேர் உயிரிழந்தார்கள். முந்தைய இரவே சில பொறியாளர்கள் இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள் என்பதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கும் செய்தி. பின்னர் விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் அந்த ரப்பர்த் துண்டை நனைத்து, அது மீள மறுப்பதை எல்லாருக்கும் காட்டினார்.

ஸ்ரீஹரிகோட்டாவில் அத்தகைய குளிர் வருவதில்லை. ஆனால் வானிலையைப் பற்றி ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னால், அவரிடம் "ஏவக் கூடாது என்று நிரூபி" எனக் கேட்கக் கூடாது, "ஏவலாம்" என்பவரைத்தான் நிரூபிக்கச் சொல்ல வேண்டும் என்பதை அந்த ஏழு பேரின் மரணம் எல்லா நாட்டு ஏவுதளங்களுக்கும் சொல்லிவிட்டுப் போனது.

கேள்வி: ககன்யானில் மனிதர்கள் போகும்போது வானிலை விதிகள் இன்னும் கடுமையாகுமா? சுபான்ஷு சுக்லாவின் பயணம் பலமுறை தள்ளிப்போனபோது எங்கள் வீட்டில் எல்லாரும் சோர்ந்துபோனோம்.
– ஒரு குடும்பத்தலைவி, மதுரை

பதில்: கடுமையாகும், ஆக வேண்டும். செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும்போது ஏவுதளத்தின் வானமும் மேல்காற்றும் நன்றாக இருந்தால் போதும். மனிதர்கள் இருந்தால், வழியில் ஏதாவது கோளாறு ஏற்பட்டு அவர்கள் அவசரமாக இறங்க நேரும் கடற்பரப்பும் அமைதியாக இருக்க வேண்டும். மீட்புக் கப்பல் அலைகளுக்கு நடுவே அவர்களை அடைய வேண்டும். புளோரிடாவிலிருந்து விண்வெளி நிலையத்துக்குச் செல்பவர்களுக்காக, அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து அயர்லாந்து வரை அட்லாண்டிக் கடலின் அலையையும் காற்றையும் பார்க்கிறார்கள். 2020 மே 27 அன்று இரண்டு விண்வெளி வீரர்கள் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் ஏறி அமர்ந்து, எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த நிலையில், புறப்பட 17 நிமிடம்கூட இல்லாதபோது மின்னல் அபாயத்தால் நிறுத்தப்பட்டது. மூன்று நாள் கழித்து மே 30 அன்று சென்றார்கள்.

சுக்லாவின் ஆக்ஸியம்-4 பயணமும் 2025 ஜூன் 10 அன்று வானிலையால்தான் ஒரு நாள் தள்ளியது. பிறகு வேறு தொழில்நுட்பக் காரணங்கள் சேர்ந்து, ஜூன் 25 அன்றுதான் அவர் புறப்பட்டார். நீங்கள் சோர்ந்துபோனதைப் புரிந்துகொள்கிறேன், அவருடைய பெற்றோர் எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று நானும் எண்ணிப் பார்த்தேன்.

ககன்யானுக்காக 2023 அக்டோபர் 21 அன்று நடந்த ஆளில்லாச் சோதனையிலேயே இதன் முன்னோட்டம் தெரிந்தது. காலை 8 மணிக்கு நடக்க வேண்டியது, வானிலையால் முதலில் அரைமணி நேரமும் பின்னர் மேலும் கால்மணி நேரமும் தள்ளியது. அடுத்து, ஐந்து நொடி மிச்சம் இருந்தபோது கணினியே நிறுத்திவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து 10 மணிக்கு ஏவினார்கள். வீரர்கள் அமரும் கூண்டு பாராசூட்டில் கடலில் நன்றாக இறங்கியது, ஆனால் கொந்தளித்த கடலில் தலைகீழாகப் புரண்டு கிடந்தது. உள்ளே ஆள் இருந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் காலைக் கடல் எல்லாரையும் யோசிக்க வைத்தது.

கேள்வி: குலசேகரப்பட்டினம் ஏவுதளம் வந்துவிட்டால் இந்த மழைத் தொல்லை தீருமா?
– ஒரு வாசகர், உடன்குடி

பதில்: முழுவதும் தீராது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் தளம், சிறிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகளுக்காக அமைகிறது. துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டால் இலங்கையின் மேலே பறக்காமல் சுற்றி வளைந்து திரும்ப வேண்டியிருக்கிறது, அதற்கு எரிபொருள் செலவாகிறது. உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து நேராகத் தெற்கே கடலின் மேல் போய்விடலாம். அந்தத் தளத்தின் பெருமை இதுதான்.

வானிலையைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பருவத்தில் உங்கள் பகுதி மழை மறைவில் இருப்பது நல்லது, ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மணலை வாரி இறைக்கும் தரைக்காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை அங்கும் உண்டு. 2023 டிசம்பரில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை யார் மறப்பார்கள்! ஆகவே அங்கும் வானத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். இரண்டு தளங்களும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் விலகியிருப்பதால், ஒன்று புயலில் மாட்டும்போது மற்றொன்று தெளிவாக இருக்கக்கூடும் என்பது ஓர் ஆறுதல்.

கேள்வி: அடுத்த ஏவுதலை நேரில் பார்க்க விரும்புகிறோம். எங்கே நிற்பது, எப்படிப்பட்ட வானம் வேண்டும், வானிலையை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு குடும்பம், அம்பத்தூர்

பதில்: மூன்று இடங்கள் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலேயே 2019இல் பொதுமக்களுக்காகப் பார்வையாளர் மாடம் திறந்தார்கள். ஏவுதல் அறிவிக்கப்பட்டதும் இணையத்தில் பதிவு செய்துகொண்டு, அடையாள அட்டையோடு சூலூர்பேட்டை வழியாகச் செல்லலாம். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். இரண்டாவது, பழவேற்காட்டுக் கரை. மூன்றாவது உங்கள் மொட்டை மாடி. சென்னையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். வடக்கு அடிவானில் கட்டடமோ மரமோ மறைக்காத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ராக்கெட் அங்கே எழுந்து, உங்கள் வலப்பக்கமாக, கடலின் மேல் சாய்ந்து போகும்.

ஏவுவதற்கு ஏற்ற வானம் பார்ப்பதற்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மின்னூட்டமில்லாத தாழ்ந்த மேகம் பரவியிருந்தால் ராக்கெட்டுக்குத் தடையிருக்காது. ஆனால் சில நொடிகளில் அது மேகத்துக்குள் மறைந்துவிடும். ஆகவே வானிலை அறிக்கையில் "மழை இல்லை" என்று இருப்பதோடு நிறைவடையாமல், மேகமூட்டம் எவ்வளவு என்றும் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஸ்ரீஹரிகோட்டா ராடார் படத்தையே வெளியிடுகிறது. ஏவுதலுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து அதைப் பார்த்தால் மழைமேகம் கடலிலிருந்து வருகிறதா, கரையைவிட்டு விலகுகிறதா என்பது விளங்கும். இரவு ஏவுதலானால், மேகம் இருந்தாலும் ஏமாற்றமில்லை. மேகத்தின் உட்புறம் முழுவதும் செம்மஞ்சள் ஒளி பரவும், அதுவும் காணக் கிடைக்காத காட்சிதான். எல்லாவற்றிலும் அழகானது அந்திவேளை ஏவுதல். கீழே இருட்டத் தொடங்கியிருக்கும்போது, உயரத்தில் உள்ள புகைத்தடம் மட்டும் மறைந்த சூரியனின் ஒளியில் நெடுநேரம் மின்னிக்கொண்டிருக்கும்.

நாள் தள்ளிப்போகலாம் என்பதை எதிர்பார்த்தே விடுப்பு எடுங்கள். வானிலை நன்றாக இருந்தும் ஓரிரு நிமிடம் தள்ளுவதுண்டு. 2012 செப்டம்பர் 9 அன்று பிஎஸ்எல்வி-சி21, பாதையில் விண்வெளிக் குப்பை குறுக்கிடக்கூடும் என்பதால் இரண்டு நிமிடம் பிந்தியே புறப்பட்டது. பழவேற்காட்டில் இருக்கும்போது, உங்கள் பக்கத்தில் நின்று பார்க்கும் மீனவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஏவும் நாளில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் போகக் கூடாது என்று அவர்களுக்கு அறிவிக்கிறார்கள். ஏவுதல் தள்ளிப்போனால் அவர்களுக்கு இன்னொரு நாள் தொழிலும் போய்விடுகிறது. நல்ல வானிலையை நம்மைவிட உண்மையாக விரும்புகிறவர்கள் அவர்கள்தாம்.

நெருப்பு கண்ணுக்குத் தெரிந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பழவேற்காட்டுக்கும் ஏவுதளத்துக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் இருப்பதால், ஒலி வந்து சேர நூறு நொடிக்கு மேல் ஆகும். பிஎஸ்எல்வியின் முதல் கட்டம் எரிந்து முடிவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரமே. ராக்கெட் புள்ளியாகி மறைந்தது என்று எண்ணி வண்டியை எடுத்துவிடாதீர்கள். காற்று உங்கள் பக்கம் வீசினால், தரையிலிருந்து அது எழுந்தபோது கிளம்பிய முழக்கம் அப்போதுதான் ஏரியைக் கடந்து கரையை அடையும்.